வால்பாறை மழையில் அறுபத்தொரு கள்ளிகள்

போன வாரம் கவ்யா போன் செய்தாள். மதுக்கரை நர்சரியில் நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள்.

"அக்கா, கோத்தகிரியில இருந்து ஒருத்தரு வந்திருக்காருங்க. கள்ளியெல்லாம் வெட்டவெளியில, தோட்டத்துல நடணுமாமா. அங்க வருசத்துல பாதி நாளு மழையும் மூட்டமுமாங்க. முடியாதுன்னு சொல்லீரட்டுங்களா?"

"முடியும்" என்றேன்.

"எப்படிங்க்கா?"

சொல்லத் தொடங்கினேன். பாத்தி, சரிவு, ஜல்லி என்று மூன்று வார்த்தை போவதற்குள் என் மகள் போனைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். திரும்ப வாங்கிக் காதில் வைத்தபோது கவ்யா சிரித்துக்கொண்டிருந்தாள். "எழுதிக் குடுத்துருங்க்கா. நீங்க வால்பாறையில செஞ்சதை அப்படியே எழுதுங்க. நீங்க பேசுனா பாதி பாப்பாவுக்குப் போயிருது" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். முப்பத்து மூன்று வயதில் 'நான் வேலை பார்த்த காலத்தில்' என்று தொடங்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒன்பது வருடம் அங்கே இருந்தேன். மகள் பிறந்தபின் திரும்பிப் போகவில்லை. போகாமல் இருந்தது சரிதானா என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது நினைத்துப் பார்க்கிறேன். என் சுபாவமே அப்படி. கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். குழந்தைக்கு நெற்றி சுட்டால் தெர்மாமீட்டரை மூன்று முறை வைப்பேன். மூன்றும் ஒரே அளவு காட்டினால் தெர்மாமீட்டர் மேல் சந்தேகம் வரும். ஆனால் குளிரும் ஈரமுமான ஊரில் கள்ளி வெளியே பிழைக்குமா என்று யாராவது கேட்டால் மட்டும் நான் யோசிப்பதில்லை. பிழைக்கும். நம் மலைகளின் குளிர் அதைக் கொல்லாது. மேலே பெய்து கீழே ஓடிவிடும் மழையும் கொல்லாது. வேரடியில் நின்றுவிடும் தண்ணீர்தான் கொல்லும். இந்த மூன்று வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினான்கு செடிகள் செலவாயின. அவை என் செடிகளும் அல்ல.

கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை மூன்று மாதம் என்று நர்சரியில் சேர்ந்தேன். முதல் வருடம் தொட்டி கழுவினேன். அடுத்த வருடம் விதை போட்டேன். அதற்கடுத்த வருடம் ஒட்டுக் கட்டப் பழகினேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

அங்கே மேனேஜர் ரஃபீக் பாய். கோயமுத்தூரின் பழைய தெரு ஒன்றில் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் எல்லோரையும், தண்ணீர் ஊற்ற வரும் ஆட்களையும்கூட, 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் குரல் உயராது, 'ங்க' தான் கூடும். "ஏனுங்க பிரியா அம்மணி, இந்தத் தொட்டிக்குங்க, நேத்துங்க, நீங்கதானுங்க தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டால் 'ங்க'க்களை எண்ணிவிட்டு நாங்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்வோம்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, எந்தத் தொட்டியையும் கையில் தூக்கிப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. மேல்மண் காய்ந்திருந்தாலும் சரி, செடி சுருங்கியிருந்தாலும் சரி. "கண்ணு பாத்தா பாவமாத்தானுங்க இருக்கும். கைக்குத்தான் கனம் தெரியும்" என்பார். காலையில் ஒவ்வொரு மேசையாக ஐந்நூறு அறுநூறு தொட்டிகளைத் தூக்கித் தூக்கி வைப்போம். இரண்டு வருடத்தில், தூக்கிய உடனே எத்தனை நாள் முந்தி ஊற்றியது என்று சொல்லும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

இரண்டாவது வழக்கத்தை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. ஒரு செடி செத்தால் அதைத் தூக்கி எறிந்துவிட முடியாது. அதன் தொட்டியைக் கழுவி, பின்பக்கச் சுவரோரம் இருக்கும் பலகையில் கவிழ்த்து வைக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு சீட்டு. அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டவர் தன் கையெழுத்தில், அது ஏன் செத்தது என்று எழுத வேண்டும். பூச்சி, வெயில், வயசு என்று ஒற்றை வார்த்தையில் எழுதினால் சீட்டு திரும்பி வரும். ஒருமுறை நான் 'வெயில்' என்று எழுதியதைப் பாய் என் மேசையில் திருப்பி வைத்துவிட்டு, "வெயிலு எல்லாத்துக்கும்தானுங்க அடிச்சுது. இது மட்டும் ஏனுங்க செத்துச்சு?" என்று கேட்டார். நிழல்வலை கிழிந்திருந்ததை மூன்று நாளாகப் பார்த்தும் தைக்காமல் விட்டேன் என்று மாற்றி எழுதினேன். அதைப் படித்துவிட்டுத் தொட்டிக்கு அடியில் வைத்தார். சீட்டு எழுதியபின் யாரையும் அவர் திட்டியதில்லை.

ஸ்டெல்லா டீச்சர் நர்சரிக்கு வந்தது நான் அங்கே சேர்ந்து எட்டாவது வருடம். சொந்த ஊர் அன்னூர். ஐம்பத்தாறு வயது. வால்பாறையில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாக மாற்றலாகிப் போயிருந்தார். தனியாக இருப்பவர். அன்னூர் வீட்டு மொட்டைமாடியில் அவர் வளர்த்த கள்ளிகள் அறுபத்தொன்று. எல்லாமே அவர் கையால் விதை போட்டு முளைக்க வைத்தவை. கடையில் வாங்கியது ஒன்றுகூட இல்லை.

"எங்கப்பா அடுத்தவங்க தோட்டத்துல வேலிக்கள்ளி வெட்டுனவருங்க. கையெல்லாம் முள்ளாத்தான் ஊட்டுக்கு வருவாரு. நான் அதையே தொட்டியில வெச்சுக் கொஞ்சறதப் பாத்துட்டு, உன்னையப் படிக்க வெச்சது இதுக்குத்தானாம்மணின்னு சிரிப்பாருங்க" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

செடிகளைத் தன்னோடு வால்பாறைக்குக் கொண்டு போயிருந்தார். குவார்ட்டர்ஸ் உள்ளே வெளிச்சம் போதாமல் அவை வெளிறி, கழுத்து நீண்டு வளர ஆரம்பித்திருந்தன. அங்கே மொட்டைமாடி கிடையாது, தகரக் கூரைதான். வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தது. காய்கறி போட்டால் காட்டுமாடு வந்து தின்றுவிட்டுப் போகுமாம். "முள்ளு இருக்கறது ஒண்ணுதானுங்க அங்க நிக்கும். அந்தச் சரிவுலயே நட்டுறலாமுங்களா? ரிட்டயர்டு ஆக இன்னும் வருசங் கெடக்குது. அதுவரைக்கும் இதுக தாங்காதுங்க" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். "அம்மணி பாத்துக்குவாங்க" என்றார். முழுப் பொறுப்பாக ஒரு வேலையை எனக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

கவ்யா, இங்கிருந்து உனக்குத் தேவையானது.

முதலில் செடிகளைப் பிரித்தேன். சப்பாத்திக்கள்ளி வகைகள், ஆனைக்கற்றாழை, தென்னமெரிக்கப் புல்வெளியிலிருந்து வந்த உருண்டைக் கள்ளிகள் ஆகியவை மழையைத் தாங்கும். அவற்றுக்குக் கூரை வேண்டாம். பஞ்சு போல வெள்ளை முடி மூடிய மம்மில்லேரியா வகைகள் தாங்காது. அவற்றுக்கு நான்கு பக்கமும் திறந்த, கண்ணாடி மாதிரியான ஷீட் கூரை ஒன்று போட்டேன். சுற்றி அடைத்தால் பூஞ்சை வரும். காற்று எப்போதும் உள்ளே புகுந்து வெளியேற வேண்டும். "எது மேலயும் பிளாஸ்டிக் கவர் மட்டும் போட்டு மூடிறாதீங்க டீச்சர்" என்று இரண்டு முறை சொன்னேன்.

பாத்தியைச் சரிவின் மேலேயே கட்டினோம். சிமெண்ட் இல்லாமல் கல் அடுக்கி இரண்டடி உயரம். அடியில் உடைந்த செங்கல், கருங்கல் துண்டுகள். மேலே கலவை: கடலைப்பருப்பு அளவு ஜல்லி மூன்று பங்கு, பெருமணல் ஒரு பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு. தென்னை நார்த்தூள் கூடாது. சாணி எரு கூடாது. செடியை நேராக நிறுத்தாமல் லேசாகச் சாய்த்து நட்டால் உச்சிக் குழியில் தண்ணீர் தங்காது. கழுத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு வெறும் ஜல்லி. மழைக்காலம் தொடங்க ஒரு மாதம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். கொழுகொழுவென்று இருக்கும் செடி மழையில் முதலில் போகும். கொஞ்சம் வாடி இறுகிய செடிதான் நிற்கும். நர்சரியிலிருந்து கொண்டுபோன ஆனைக்கற்றாழை ஒன்றை மட்டும் பாத்திக்கு வெளியே, சரிவு மண்ணிலேயே நட்டேன்.

இதெல்லாம் சரியாகச் செய்தேன். தப்பு ஜல்லியில் நடந்தது.

மதுக்கரையில் ஜல்லிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது தூளோடு வரும், சுண்ணாம்புக்கல் மாவு ஒட்டியபடி. நர்சரியில் அதை மூன்று தண்ணீர் விட்டு, கடைசித் தண்ணீர் தெளியும்வரை கழுவிய பிறகுதான் தொடுவோம். வால்பாறைக்கு ஒரு லாரி ஜல்லி போய் இறங்கியபோது ஏப்ரல் மாதம். மழைக்குப் பேர்போன ஊர்தான், ஆனால் அந்த மாதம் குவார்ட்டர்ஸ் குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். ஒரு லாரி ஜல்லியை எப்படிக் கழுவுவது? ஆட்கள் கடப்பாரையோடு காத்திருந்தார்கள்.

"கழுவாமப் போடலாமுங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"அதான் ஜூன்ல மழை வருதுங்களே டீச்சர், அதுவே கழுவிரும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல யோசனை என்று ஒருவர் சொன்னார். அன்றிரவு என் நோட்டில் 'ஜல்லி கழுவவில்லை' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன். காலையில் பாய்க்குப் போன் செய்து கேட்டுவிடலாமா என்று பேருந்து நிறுத்தம்வரை யோசித்தேன். முதல்முறை பொறுப்புக் கொடுத்திருக்கிறார், இதற்குக்கூடக் கேட்பதா என்று தோன்றியது. கேட்கவில்லை.

ஜூன் முழுவதும் டீச்சர் போட்டோ அனுப்பினார். மழையில் நனைந்து செடிகள் பச்சையாக நின்றன. ஜூலை கடைசியில் ஒரு காலை போன் வந்தது. "கீழ் வரிசையில ஒண்ணு சாஞ்சிருக்குதுங்க. குச்சி நட்டு முட்டுக் குடுக்கட்டுங்களா?"

உருண்டைக் கள்ளி தானாகச் சாயாது. அடி அழுகினால்தான் சாயும். "தொடாதீங்க டீச்சர், நாளைக்கு வாரேன்" என்றேன்.

அப்போது என் மகள் வயிற்றில் மூன்று மாதம். டாக்டரிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை, "முதல் தடவை சொன்னதுதானம்மா, போலாம்" என்றார். பொள்ளாச்சியில் பஸ் ஏறி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே கடந்தேன். பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி எடுத்ததால் என்னை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

கொத்துக் கரண்டியால் கீழ் வரிசையில் தோண்டினேன். ஒரு சாண் வரை ஜல்லி பளிச்சென்று இருந்தது. மழை கழுவித்தான் இருந்தது. அதற்குக் கீழே கரண்டி 'டங்' என்றது. கழுவிய தூள் எல்லாம் இறங்கி அங்கே தங்கி, தளம் போட்டது போல இறுகியிருந்தது. அதன் மேல் தண்ணீர் நின்றது. நான் கட்டியது பாத்தி இல்லை, தண்ணீர்த் தொட்டி. சரிவின் மேல்முனையில் தண்ணீர் வடிந்திருந்தது. கீழ்ப்பாதி முழுக்கப் புளித்த மாவு நாற்றம்.

"மழை இந்த வருசம் ரொம்ப அதிகம் போலிருக்குதுங்க டீச்சர்" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

டீச்சர் குடையைப் பிடித்தபடி என் பக்கத்தில் நின்றிருந்தார். "இல்லீங்க. மே மாசம் நான் ஒருக்காத் தண்ணி ஊத்திப்போட்டேன். நீங்க வேண்டாம்னு சொல்லியும் மனசு கேக்காம ஊத்திப்போட்டேனுங்க. அதானுங்க இப்படி ஆயிருச்சு" என்றார்.

மே வெயிலில் ஒரு தடவை ஊற்றிய தண்ணீர் இரண்டு நாளில் காய்ந்திருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். "அது... பாக்கலாங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை.

பாய்க்குப் போன் போட்டேன். அவரிடமும் மழை என்றேன். "சரிங்க. அந்தச் சரிவுலயே ஆனைக்கற்றாழை ஒண்ணு தனியா நட்டீங்களேங்க, பாத்திக்கு வெளியில. அதுக்குங்க, மழை பெய்யலீங்களா?" என்றார். 'ங்க'க்களை எண்ணினேன். பிறகு, "எல்லாத்தையும் மேல எடுத்துருங்க. உயிரு இருக்கறதப் பாருங்க. மத்தது அப்புறம்" என்று வைத்துவிட்டார்.

என்னால் கடப்பாரை பிடிக்க முடியாது. பள்ளிச் சத்துணவில் சமைக்கும் பாப்பாத்தியக்காவை டீச்சர் கூட்டி வந்தார். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழ்ச்சுவரின் இரண்டு கல்லைப் பெயர்த்தார். பழுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று ஓடியது.

"ஏனுங் டீச்சர், இதைய வெட்டித் தள்ளறதுக்கு எங்கூர்ல ஆளுக்குக் கூலி குடுப்பாங்க. நீங்க என்னடான்னா ஆஸ்பத்திரி வெச்சு வைத்தியம் பாக்கறீங்க" என்றார் பாப்பாத்தியக்கா.

"நீ பேசாம நோண்டு பாப்பாத்தி."

"நோண்டறனுங்க. பசங்களுக்கு முட்டை உரிக்கற கை இது, முள்ளு புடுங்கறதுக்கு வந்திருக்குது."

அறுபத்தொன்றையும் எடுத்துச் சத்துணவுக் கொட்டகையில் சாக்கு விரித்து வைத்தோம். ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, திருப்பி, வேரை மோந்து பார்த்தேன். முப்பத்தெட்டு நன்றாக இருந்தன. இருபத்து மூன்று அழுகியிருந்தன. அழுகியதில் ஒன்று மற்றவற்றைப் போல இல்லை. தங்கப்பந்து என்று சொல்வோமே, மஞ்சள் முள் உருண்டை, அது. இருபத்திரண்டு வயது, அவர் போட்ட முதல் விதை. டீச்சர் அதை 'மூத்தது' என்றுதான் சொல்வார். கூரைக்கு அடியில் இடம் போதாமல் பாத்தியின் மேல்முனையில், திறந்த இடத்தில் நட்டிருந்தேன். அதன் வேர்கள் வெள்ளையாக, ஆரோக்கியமாக இருந்தன. உச்சி மட்டும் கொழகொழவென்று உள்ளே இறங்கிவிட்டிருந்தது. இது ஏன் இப்படி என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த செடி கைக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

அழுகல் அடியிலிருந்து ஏறியிருந்தால், நல்ல சதை வரும்வரை சீவிக்கொண்டே போய், மேல்பகுதியைக் காய வைத்து மறுபடி வேர் விடச் செய்யலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை நெருப்பில் காட்ட வேண்டும். நடுத்தண்டில் துரு நிறத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் இன்னொரு சீவல். அப்படிச் சீவியதில் ஒன்பதில் நல்ல சதை கிடைத்தது. ஆனால் வெட்டுவாய் காயப் பத்து நாளாவது உலர்ந்த காற்று வேண்டும். வால்பாறை ஜூலையில் துவைத்த துணி ஒரு வாரமானாலும் காய்வதில்லை.

"எங்கூட்டுக்காரரு டீ ஃபேக்டரியில டிரையர்ல நிக்கறாரு. அங்க நின்னா நமக்கே உதடு வெடிச்சுரும்" என்றார் பாப்பாத்தியக்கா.

ஃபேக்டரி அதிகாரி ஒன்பது கள்ளித்தலைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். டிரையர் அறையை ஒட்டிய பரண் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம் என்றார். "ஆனா மருந்து எதுவும் பூசக் கூடாதும்மா. தேயிலை பக்கத்துல இருக்கற வாசனையெல்லாம் குடிச்சுரும். அப்புறம் என் டீயில கந்தகம் வாசனைன்னு சொல்லுவாங்க." கந்தகம் பூசாமல் நான் ஒரு வெட்டையும் விட்டதில்லை. அரை நிமிடம் நின்றேன். உலர்ந்த காற்றும் கந்தகமும் இரண்டும் கிடைக்காது, ஒன்றுதான் என்றால் காற்றுதான். பூசாமலே வைத்தேன். அந்த முடிவில் எனக்கு இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை. பன்னிரண்டாவது நாள் பாப்பாத்தியக்காவின் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தபோது ஒன்பதின் வெட்டுவாய்களும் தோல் போலக் காய்ந்திருந்தன. ஒன்பதும் பிழைத்தன.

பதினான்கு பிழைக்கவில்லை. மூத்தது அந்தப் பதினான்கில் ஒன்று.

குவார்ட்டர்ஸில் அடுக்கி வைத்திருந்த அவற்றின் பழைய தொட்டிகளை எடுத்துக்கொண்டு மதுக்கரைக்கு வந்தேன். கழுவினேன். சீட்டு எழுத உட்கார்ந்தேன். முதல் சீட்டில் 'மழை' என்று எழுதி, நானே கிழித்தேன். பிறகு எழுதினேன்: 'ஜல்லியைக் கழுவவில்லை. கழுவ வேண்டும் என்று தெரியும். தண்ணீர் இல்லை என்று விட்டுவிட்டேன். சந்தேகம் வந்தது. யாரிடமும் கேட்கவில்லை.' இதையே பதினான்கு சீட்டிலும் எழுதினேன்.

பாய் பதினான்கையும் படித்தார். பலகைப் பக்கம் போகாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா எழுதியிருக்கேனுங்களா பாய்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. செடி நம்முளுது இல்லீங்களே. யாரு செடியோ அவங்க படிச்சப்புறம் கொண்டாங்க, வெச்சுக்கலாம்" என்றார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் மறுக்க முடியவில்லை.

ஆகஸ்ட் போயிற்று. டீச்சர் வாரம் ஒருமுறை பேசினார். ஒவ்வொரு முறையும் எப்படியாவது மே மாதத் தண்ணீரில் வந்து நின்றார். "இருபத்திரண்டு வருசமுங்க. ஒரு சொம்புத் தண்ணியில போச்சு" என்றார் ஒருநாள். இல்லை டீச்சர் என்று சொல்ல வாயெடுத்து, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கினேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். அந்த ஆறு வாரமும் அவர் வேண்டாத பழியைச் சுமந்தார். என் வேலைக்காலத்தில் நான் திரும்பிப் போய் மாற்ற நினைப்பது ஜல்லியைக்கூட அல்ல, அந்த ஆறு வாரத்தை.

செப்டம்பர் இரண்டாவது வாரம், மழை விட்ட இடைவெளியில் பாத்தியைத் திரும்பக் கட்டப் போனோம். என் கணவர் காரில் கூட்டிப் போனார். ஐந்து மாத வயிறு வெளியே தெரிந்தது. டீச்சர் என்னைப் பார்த்ததும், "கண்ணு, சொல்லவே இல்லியே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பள்ளிக் கூரைத் தண்ணீர் இரண்டு பெரிய டிரம்மில் நிரம்பியிருந்தது. பழைய ஜல்லியைச் சல்லடையில் போட்டு ஆட்கள் கழுவத் தொடங்கினார்கள்.

நான் பையிலிருந்து சீட்டுகளை எடுத்தேன். பலகை வழக்கத்தைச் சொன்னேன். "நீங்க ஊத்துன தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க டீச்சர். எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லலை" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான். இருந்தும் பதினான்கையும் படித்தார், பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் மாதிரி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜல்லி சல்லடையில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. இனி இந்த வேலையை என்னிடம் விடமாட்டார், பாயிடம் வேறு ஆள் கேட்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆறு வாரம்" என்றார்.

"ஆமாங்க டீச்சர்."

"எனக்குத் தூக்கமே இல்லீங்க பிரியா."

தலையை நிமிர்த்த முடியவில்லை. அவர் சீட்டுகளைப் புரட்டி ஒன்றை உருவி என் முன்னால் வைத்தார். மேலே 'தங்கப்பந்து' என்று எழுதியிருந்தது.

"இது தப்பு விடைங்க."

"டீச்சர்?"

"மத்த பதிமூணும் அடியில இருந்து அழுகுச்சு. இது எங்க இருந்து அழுகுச்சு? நீங்களே கையில எடுத்துப் பாத்தீங்கல்ல?"

"மேல இருந்துங்க" என்றேன். எனக்கு அப்போதுதான் மறுபடி நினைவு வந்தது. வெள்ளை வேர்கள். மேல்முனை. அங்கே தண்ணீரே நிற்கவில்லை.

"ஜூலை மாசம் மூணு வாரம், நான் அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் பையக் கவுத்துக் கட்டி வெச்சிருந்தனுங்க. மூத்தது நனையுதேன்னு. நீங்க வாரேன்னதும் அவுத்துப்போட்டேன். அவுக்கறப்பவே உள்ள வேர்த்து ஊத்துச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க. அதான் மே மாசத்துத் தண்ணி, மே மாசத்துத் தண்ணின்னுட்டுத் திரிஞ்சேன். அதைச் சொல்றது கொஞ்சம் லேசா இருந்துச்சு."

நான் எழுதிய சீட்டை நான்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, மேசையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். தலைமையாசிரியர்கள் கையெழுத்துப் போடும் பச்சை மை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார்: 'மூடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்கள். மூடினேன். இது என் கணக்கு.' கீழே பெயர் எழுதி, பழக்கதோஷத்தில் பதவியும் எழுதிவிட்டு, அதை அடித்தார்.

"பாய்கிட்டக் குடுத்துருங்க. பலகையில இதையும் வெக்கட்டும்" என்றார். பிறகு எழுந்து போய்ச் சல்லடைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இன்னும் கலங்கலாத்தான் இருக்குதுங்க, இன்னொரு தண்ணி விடுங்க" என்று ஆட்களிடம் சொன்னார்.

அன்று அந்தப் பாத்தியில் நாற்பத்தேழு செடிகளை நட்டோம். இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. போன மாதம் டீச்சர் போட்டோ அனுப்பினார். சப்பாத்திக்கள்ளி ஒன்று கொட்டும் மழையில் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. நாற்பத்தேழும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன். இரண்டு முறை.

மகளுக்குச் சளி பிடித்தால் நான் குளிக்க வைத்தது, ஃபேன் போட்டது, தயிர் கொடுத்தது என்று எல்லாவற்றையும் என் மேல் போட்டுக்கொள்வேன். எல்லாச் சீட்டிலும் ஒரே விடை எழுதுகிற அதே கை. அப்போதெல்லாம் டீச்சரின் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்: எங்கிருந்து ஆரம்பித்தது? மேலிருந்தா, அடியிலிருந்தா? பதில் கிடைக்கும்வரை அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். கனம் குறையாமல் இருந்தால் டாக்டருக்குப் போன் செய்வதில்லை. பெரும்பாலும் செய்வதில்லை.

கவ்யா, கோத்தகிரிக்காரரிடம் முடியும் என்று சொல். போவதற்கு முன் பின்பக்கச் சுவரோரம் இருக்கும் பலகைக்குப் போ. கடைசி வரிசையில் என் தொட்டிகள் பதினான்கு கவிழ்ந்திருக்கும். பதின்மூன்றை ஒரே மூச்சில் படித்துவிடலாம். பச்சை மையில் இருப்பதைத் தனியாக எடுத்துப் படி. பிறகு ஜல்லி. மூன்று தண்ணீர் போதும் என்பார் பாய். மூன்றாவது தண்ணீர் கண்ணாடி போலத்தான் இருக்கும். நீ நாலாவது தண்ணீரும் விடு.